வேன் கூரையில் நான்காவது வரி

அவருடைய வேனின் கூரையைப் படிக்க வேண்டுமென்றால் மல்லாந்து படுக்க வேண்டும். புக்கிட் பெருவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த பெற்றோர்களில் பாதிப் பேராவது அப்படிப் படுத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தப் பள்ளி வேன் அவர் வீட்டு வாசலில் நிற்கும். பக்கக் கதவு வழியாக இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், யாரோ ஒரு தகப்பனார் உள்ளே நீள இருக்கையில் படுத்துக் கூரையைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வேன்காரர் அதைப் பொருட்படுத்தாமல் வாளியில் சோப்பைக் கரைத்துக்கொண்டிருப்பார். சக்கரங்களைக் கழுவி முடித்த பிறகுதான் குரல் கொடுப்பார்.

“ஐயா, காலை உள்ள இழுத்துக்குங்க. தண்ணி அடிக்கப் போறேன்.”

பிள்ளைகளுக்கு அவர் வேன் அங்கிள், எங்களுக்கு வேன் அண்ணன். அவருக்கு ஒரு பெயர் உண்டு. அடையாள அட்டையில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதால் இங்கேயும் எழுதவில்லை. ஆண்டுகளையும் விட்டுவிடுகிறேன். ஆண்டைச் சொன்னால் சில பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடும். கிழமைகளும் மாதங்களும் என் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை, சரியானவை.

கூரையில் ஒட்டியிருந்தவை பரீட்சை முடிவுச் சீட்டுகளின் நகல்கள். ஆறாம் படிவ மாணவர்கள் பல்கலைக்கழகம் போவதற்கென்று ஓர் ஆங்கிலத் தேர்வு எழுதுவார்கள். அதன் முடிவுச் சீட்டில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்கு வரிகள் இருக்கும். அவற்றின் கீழே மொத்தம். அவருடைய வேனில் போய்வந்த பிள்ளை எவரானாலும் முடிவு வந்ததும் நகல் ஒன்று கொண்டுவந்து கொடுக்கும். அந்தப் பிள்ளை வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேர் மேலே அதை ஒட்டுவார். பிறகு அந்தப் பிள்ளைக்கு எந்தப் படிப்பில், எந்த வேலையில் இடம் கிடைத்ததோ அதை அடியில் பென்சிலால் எழுதி வைப்பார். ‘பார்மசி’ என்றிருக்கும். ‘ஆசிரியர்’ என்றிருக்கும். ‘சிங்கப்பூர் வேலை’, ‘அப்பா கடை’ என்றும் இருக்கும். இடம் கிடைத்தவர்களை மட்டும் ஒட்டுவது, கிடைக்காதவர்களை விட்டுவிடுவது என்ற பழக்கம் அவரிடம் இல்லை.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, கூரையின் முன்மூலையில் இருந்த முதல் சீட்டு அவருடையதேதான். பழைய மூன்றாம் படிவத் தேர்வின் முடிவு, மஞ்சளேறிய தாள். கணக்கில் மட்டும் தேறியிருந்தார், மற்றப் பாடங்கள் எல்லாவற்றிலும் தோல்வி. அதன் அடியில் பென்சிலில் ‘வேன்’ என்று எழுதியிருந்தது.

யார் எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒரே வார்த்தைதான்: “முழுசா?”

பிள்ளை தாமதமாக வந்து, “எழுந்திரிக்க லேட் ஆயிருச்சு அங்கிள்” என்றால், “முழுசா?” என்பார். “ராத்திரி கேம் விளையாடுனேன்” என்று பிள்ளை சொன்ன பிறகுதான் வேன் நகரும். தனக்கும் அதே சட்டம்தான். ஒருநாள் வேன் பள்ளிக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வாசலில் நின்ற ஆசிரியை அவருக்கு உதவுவதாக நினைத்து, “என்ன அண்ணே, தெங்கேராவுல ஜாமா?” என்று கேட்டிருக்கிறார். “ஜாம் இல்ல டீச்சர். நான்தான் தூங்கிட்டேன். வழியில ஒரு டீயும் குடிச்சேன்” என்றாராம். டீ குடித்ததைச் சொல்லியே ஆக வேண்டுமா என்று என் மனைவி அன்று முழுக்கச் சிரித்தாள்.

மாலையில் செர்காமுக்குப் போய் மீன் வாங்கி வந்து அக்கம்பக்கத்தில் கொடுப்பார். “காலையில பிடிச்சதுன்னு சொன்னான். நான் பார்க்கல” என்று சொல்லித்தான் கொடுப்பார். மீன் நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் அவர் அப்படிச் சொன்ன பிறகு என் மனைவி அதை இரண்டு முறை முகர்ந்து பார்ப்பாள்.

ஒருமுறை ஆயர் குரோ சாலையில் போலீஸ்காரர் வேனை நிறுத்தினார். சாலை வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். இவர் நகரவில்லை. கண்ணாடியை இறக்கி, “லெபே சத்து, எஞ்சிக்” என்றார். ஓர் ஆள் அதிகம் என்று தானாகவே சொன்னார். போலீஸ்காரர் சற்று நேரம் அவரையே பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல்தான் என்று நினைக்கிறேன், சம்மன் எழுதினார். பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள் திவ்யா வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டினாள். போலீஸ்காரரின் முகத்தைத்தான் அவள் நன்றாக நடித்தாள்.

இந்த முழுமை எல்லோருக்கும் இனிக்கவில்லை. பேச்சில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய ஒரு பெண் தன் சீட்டைக் கூரையில் பார்த்து வழி முழுக்க அழுதாள். மறுநாள் அவளுடைய அம்மா சண்டைக்கு வந்துவிட்டார்.

“ஏண்ணே, இப்படிக் கூரையில ஒட்டி மானத்த வாங்குறீங்க? அந்த ஒரு வரிய மட்டும் வெட்டிட்டு ஒட்டுங்களேன்.”

“வெட்ட மாட்டேன்மா. வேணாம்னா கழட்டிக்கச் சொல்லுங்க. முழுசா கழட்டிக்கட்டும். பாதி வேணாம்.”

அந்தப் பெண் சீட்டைக் கழற்றிக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து அவளே நாடாவோடு வந்து அதே இடத்தில் மறுபடி ஒட்டினாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். “மேல பார்த்தா என் சீட்டு இருந்த இடம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு அங்கிள். எல்லாரும் அதத்தான் பார்த்தாங்க” என்றாள்.

எனக்கு அந்தக் கூரை வேறு வகையில் முக்கியமானது. நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பதிவேட்டு அறையைக் கவனித்துக்கொண்டிருந்தவன். எதையும் அட்டவணையாக்காமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்போது எங்கள் தாமானில் ஒரு பெரிய சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தது. போட்டி அதிகமான படிப்புகளுக்கு ஆள் எடுக்கும்போது, அந்த ஆங்கிலத் தேர்வின் எழுத்து வரிக்கு எவ்வளவு மதிப்பு? எழுத்து குறைந்தால் எல்லாம் போயிற்று என்று டியூஷன் வகுப்பு நடத்துகிறவர்கள் சொன்னார்கள். மொத்தம்தான் கணக்கு, தனி வரியை யாரும் பார்ப்பதில்லை என்று கோயில் சமையலறையில் காய் நறுக்குகிற அண்ணிகள் சொன்னார்கள். எழுத்து குறைவாக இருந்தும் பொறியியல் படிக்கப் போன பையனை ஒருவர் காட்டுவார். எழுத்து அதிகமாக இருந்தும் வீட்டில் இருக்கும் பெண்ணை இன்னொருவர் காட்டுவார்.

திவ்யா ஆறாம் படிவத்தில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஆகஸ்டு மாதத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் அந்த வேனில் படுத்துக் கிடந்தேன். கூரையில் இருந்த அறுபத்து மூன்று சீட்டுகளையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் விடை கிடைத்தது. மிக நன்றாகச் செய்தவர்களுக்கு எழுத்து வரியால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மிகக் குறைவாகச் செய்தவர்களை அது தூக்கிவிடவும் இல்லை. நடுவில் இருந்தவர்கள் கதைதான் வேறு. ஒரே வகுப்பில் படித்து ஒரே படிப்புக்கு விண்ணப்பித்த இரண்டு பெண்களின் சீட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மூன்று வரிகளில் அனேகமாக ஒரே எண்கள். நான்காவது வரியில் மட்டும் பெரிய வித்தியாசம். ஒன்றின் அடியில் ‘ஆசிரியர்’ என்று இருந்தது, மற்றதன் அடியில் ‘டிப்ளோமா’.

நோட்டை எடுத்துப் போய் வேன் அண்ணனிடம் காட்டினேன். அவர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இத எழுதவா சார் மூணு வாரம் படுத்தீங்க?”

“ஏன், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“வேன்ல சீட்டு நிறைய இருந்தா யாரு குண்டு, யாரு ஒல்லின்னா பார்க்கிறேன்? ஏறுன்னுடுவேன். கடைசி சீட்டுக்கு ரெண்டு பேர் நின்னா அப்பத்தான் பார்ப்பேன், எது ஒல்லின்னு.”

நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அறுபத்து மூன்று சீட்டுகளைவிட அது சுருக்கமாக இருந்தது.

திவ்யாவுக்குச் சட்டம் படிக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் விரும்பிய பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஏராளம், எடுப்பது கொஞ்சம் பேர். விவாத மேடையில் அவள் ஏறினால் எதிரணி தண்ணீர் குடிக்கும். அதனால் ஆங்கிலத்தைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. முடிவு வந்தபோது கேட்டல், பேச்சு, வாசிப்பு மூன்றும் எழுபதுக்கு மேல் இருந்தன. எழுத்து பாதிக்கும் கீழே. எண்ணைப் பிறகு சொல்கிறேன். மறுபடி எழுதலாம் என்றால் அடுத்த தேர்வு விண்ணப்பத் தேதிக்குப் பிறகுதான் வந்தது. மற்றப் பாடங்களையும் சேர்த்துப் பார்த்தால் அவள் நின்ற இடம் என் அட்டவணையின் நடுப்பகுதி. நான்காவது வரி யாருடைய விதியைத் தீர்மானிக்கிறது என்று நான் கண்டுபிடித்திருந்தேனோ, சரியாக அந்த இடம்.

திவ்யா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “அந்தப் படிப்புக்கே போடவா வேணாமா பா?” என்று உள்ளேயிருந்தே கேட்டாள். போடு என்றேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். மறுநாள், வியாழக்கிழமை, மதிய உணவு இடைவேளையில், அலுவலக நகல் இயந்திரத்தில் அவளுடைய சீட்டை வைத்தேன். எழுத்து வரியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்ட வைத்து நகல் எடுத்தேன். முப்பது ஆண்டுகளாகப் பதிவேட்டில் ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்தாதவன் நான். அந்தக் கூரையை இந்தத் தாமானே படுத்துப் படிக்கிறது, என் பெண்ணின் அந்த எண்ணை எல்லோரும் பார்க்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலை அதைக் கொண்டுபோய் வேன் அண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் தாளைக் கைநீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

“சார், மூணு வரிதான் இருக்கு.”

“அப்படியா?”

“கேட்டல் இருக்கு. பேச்சு இருக்கு. வாசிப்பு இருக்கு. அப்புறம் வெள்ளையா இருக்கு. அதுக்குக் கீழ மொத்தம் இருக்கு.”

“மெஷின்ல ஏதோ கோளாறு போல அண்ணே.”

“எழுத்த மட்டும் தேடிப் பிடிச்சு முழுங்கிருச்சா? நல்ல மெஷின்லா.”

அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“மறைச்சதுதான் மறைச்சீங்க, மொத்தத்தையும் மறைச்சிருக்கலாமே சார். மூணையும் கூட்டி மொத்தத்துல கழிச்சா வந்துரும். நான் கணக்குல பாஸு. மேல ஒட்டியிருக்கு, பாருங்க.”

இதை நான் யோசிக்கவே இல்லை. அட்டவணை போட்டவன், மூன்று ஞாயிறு மல்லாந்து படுத்தவன், மொத்தத்தை மறந்திருந்தேன்.

“ஆனா நான் கழிக்க மாட்டேன்” என்றார் அவர். “உங்க பிள்ளை, உங்க சீட்டு. வேணாம்னா எடுத்துட்டுப் போயிருங்க. ஒட்டணும்னா நீங்களே அந்த வரிய எழுதிருங்க.”

எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்தால் திவ்யா உட்காரும் மூன்றாம் வரிசை ஜன்னல் இருக்கைக்கு மேலே வெள்ளையாக ஓர் இடம் இருக்கும், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். முன்பு அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. தாளை அவரே கூரையில் ஒட்டினார். நான் இருக்கையில் மல்லாந்து படுத்துச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இரண்டு கோடு போட்டதும் பேனா எழுத மறுத்தது. உதறினேன். மறுபடி மறுத்தது. வேன் அண்ணன் கதவருகே நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல பார்த்து எழுதுறதுக்கு பேனா ஆகாது சார். மை இறங்காது. இந்தாங்க” என்று காதில் செருகியிருந்த பென்சிலைக் கொடுத்தார்.

ஏற்கெனவே பேனா கீறிய இரண்டு கோடுகளின் மேலேயே, என் மகளின் எழுத்து மதிப்பெண்ணை எழுதினேன். எண்கள் கோணலாக விழுந்தன. மேல்நோக்கி எழுதினால் யாருக்கும் எழுத்து கோணும்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்த திவ்யா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அப்பா, உங்க எழுத்து ரொம்ப அசிங்கம்” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. சீட்டில் ஏன் அந்த வரி மட்டும் பென்சிலில் இருக்கிறது என்று அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. இரவுச் சாப்பாட்டில் எனக்கு ஒரு தோசை கூடுதலாகச் சுட்டாள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அது ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் கார் பட்டறையில் கிடந்தது. பள்ளி விடுமுறை என்பதால் வேன் அண்ணன் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். காலை ஆறு மணிக்குக் கிளம்பி வடக்கே நெடுஞ்சாலையில் போனோம். காலியான பள்ளி வேனில் மூன்று பேர். நான் முன்னால், திவ்யா தன்னுடைய மூன்றாம் வரிசையில். அவள் உட்காரவில்லை, காலை மடக்கிப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே யோசனைதான். பின்னால் திரும்பிக் கேட்டேன்.

“பேச்சு இவ்ளோ இருக்கு, எழுத்து ஏன் இவ்ளோ கம்மின்னு கேட்பாங்க. என்ன சொல்லுவ?”

“தெரியல பா.”

“அன்னைக்குக் காய்ச்சல்னு சொல்லிடு. நூத்தி ரெண்டு. மாத்திரை போட்டுட்டுத்தான் எழுதுனேன்னு சொல்லு.”

வேன் அண்ணன் ரேடியோவின் ஒலியைக் குறைத்தார்.

“காய்ச்சலா சார்? அன்னைக்கு நான்தானே ஏத்திட்டுப் போனேன். வழி பூரா கரிப்பாப் தின்னுட்டு வந்துச்சு. எனக்கு ஒண்ணு கூடக் கொடுக்கல.”

பின்னாலிருந்து குரல் வந்தது. “ஒண்ணு கொடுத்தேன் அங்கிள். முழுசா சொல்லுங்க.”

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ அவரைப் பிடித்துவிட்டார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “ஆமாலா” என்றார். “ஒண்ணு கொடுத்துச்சு. உருளைக்கிழங்கு கம்மியா இருந்துச்சு.”

திவ்யா சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்களே பென்சில்ல எழுதி இங்க என் தலைக்கு மேல வெச்சிருக்கீங்க. நான் உள்ள போய்க் காய்ச்சல்னு எப்படிச் சொல்றது?”

“அப்போ என்னதான் நடந்துச்சு அன்னைக்கு? இதுவரைக்கும் நீ சொல்லவே இல்லயே.”

“நீங்க கேட்கவே இல்லயே.”

அது உண்மை. என்ன மதிப்பெண் என்று கேட்டேன், மறுபடி எழுதலாமா என்று கேட்டேன், என் அட்டவணையில் எங்கே நிற்கிறாள் என்றும் பார்த்தேன். அதை மட்டும் கேட்கவில்லை. அவள் சொன்னாள். முதல் கேள்வி ஒரு கடிதம். அது நன்றாக வர வேண்டும் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாள். இரண்டை அடித்துவிட்டு மூன்றாவதை முடித்தபோது, அதிக மதிப்பெண் உள்ள கட்டுரைக்கு நேரம் போதவில்லை. முதல் பத்தியோடு மணி அடித்துவிட்டது. அவ்வளவுதான். மேடையில் நிற்கும்போது வாயிலிருந்து போன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. தாளில் எடுக்க முடிந்தது, அதுதான் அவளைக் கெடுத்தது.

“எந்தப் பக்கம் வாதாடுன கட்டுரையில?” என்று வேன் அண்ணன் கேட்டார்.

“பக்கமே வரல அங்கிள். பத்தியிலயே நின்னுட்டேன்.”

“சரி” என்றார் அவர். ரேடியோவை மறுபடி கூட்டினார்.

பல்கலைக்கழகத்தில் அவள் உள்ளே போன பிறகு நாங்கள் இருவரும் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். அவர் வேனின் கதவில் ஒட்டியிருந்த பூச்சிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி பத்து நிமிடம் கழித்து அவள் வந்தாள்.

“கேட்டாங்களா?”

“முதல் கேள்வியே அதுதான் பா.”

“என்ன சொன்ன?”

“கடிதத்த மூணு தடவ எழுதுனேன்னு சொன்னேன். ஒருத்தர் சிரிச்சார். பக்கத்துல இருந்த அம்மா சிரிக்கல, எழுதிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு தாள் கொடுத்து, அரை மணி நேரம், வெளிய மேசையில உட்கார்ந்து எழுதுன்னு சொன்னாங்க.”

“முடிச்சியா?”

“முடிச்சேன். ஒரே தடவதான் எழுதுனேன்.”

முதல் பட்டியல் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. என் மனைவி அன்று சமைக்கவில்லை. நான் நோட்டை எடுத்து அந்த அட்டவணையைப் பார்த்தேன். நடுப்பகுதி, நான்காவது வரி. நான் கண்டுபிடித்தது சரியாகவே இருந்தது. அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. தனியார் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தைத் திவ்யா தானாகவே நிரப்பி வைத்தாள். இந்த முறை யாரிடமும் எதையும் காட்டவில்லை, ஒரே தடவையில் எழுதி உறையில் போட்டாள்.

பதினேழு நாள் கழித்து, திங்கட்கிழமை மதியம், பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசி வந்தது. யாரோ ஒரு மாணவர் வேறு இடம் கிடைத்து விலகிவிட்டார். வர முடியுமா என்று கேட்டார்கள்.

அன்று மாலை நானே போய் வேன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“கடைசி சீட்டு சார்.”

“ரெண்டு பேர் நின்னிருப்பாங்க இல்ல அண்ணே? எழுத்துக்காக முதல்ல விட்டிருப்பாங்க. அந்த அரை மணி நேரத் தாளப் பார்த்துட்டு அப்புறம் கூப்பிட்டிருப்பாங்க. அப்படித்தானே?”

“அது அவங்களுக்குத்தான் தெரியும். நான் பார்க்கல.”

எனக்கு அது போதவில்லை. “உங்களுக்கு என்ன தோணுது?” என்று மறுபடியும் கேட்டேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார். படுத்தபடி ஏதோ எழுதினார். எனக்கிருந்த சந்தோஷத்தில் என்ன எழுதினார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

அந்த ஆண்டு முடிவில் வேனை விற்றுவிட்டுக் குளுவாங்கில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகும் முன் தாமான் மண்டபத்தில் பெற்றோர்கள் ஒரு சின்ன விருந்து வைத்தோம். ஒரு மாலையும் ஒரு கடிகாரமும் கொடுத்தோம். பேசச் சொன்னபோது எழுந்து நின்றார்.

“நல்லபடியா ஓட்டுனேன்னு எல்லாரும் சொன்னீங்க. நன்றி. ரெண்டு தடவ டயரு தேய்ஞ்சிருக்குன்னு தெரிஞ்சே ஓட்டியிருக்கேன். மழை நாள். ஒரு வாரம் ஓட்டுனேன். ஒண்ணும் ஆகல. ஆனா ஓட்டுனேன்.”

கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். கோபப்படுவதா கைதட்டுவதா என்று தெரியாமல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு பாட்டியம்மா மட்டும், “இத இன்னைக்குத்தான் சொல்லணுமா இவன்” என்று சத்தமாகவே சொன்னார். பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோம் என்றாலும், வீட்டுக்குப் போகும் வழியில் அந்த மழை நாட்கள் எவையாக இருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். என் மகளும் அந்த வேனில்தானே இருந்தாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் பாசாருக்குப் போயிருந்தேன். திவ்யா இறுதியாண்டு. வாரக் கடைசிக்கு வருகிறாள் என்று அவளுக்குப் பிடித்த பயற்றங்காய் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் காய்கறி வியாபாரி ஒருவர் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். இருக்கைகளைக் கழற்றியிருந்தார், மேலே வண்ணம் மாற்றியிருந்தார். குனிந்து காய் எடுக்கும்போதுதான் கூரை கண்ணில் பட்டது. சீட்டுகள் அப்படியே இருந்தன. ஓரங்கள் சுருண்டிருந்தன, நாடா பழுப்பேறியிருந்தது.

“இதக் கிழிக்கலையா தம்பி?”

“கிழிக்கலாம்னுதான் பார்த்தேன் சார். வித்த அண்ணன் கண்டிஷனா சொல்லிட்டாரு, கிழிச்சா எல்லாத்தையும் முழுசா கிழி, பாதி கிழிக்காதன்னு. முழுசா கிழிக்க எனக்கு எங்க நேரம்?”

அனுமதி கேட்டு உள்ளே ஏறினேன். மூன்றாம் வரிசை இருந்த இடத்தில் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒரு மூட்டையின் மேல் முதுகைச் சாய்த்துப் படுத்தேன். இதற்கெல்லாம் வயதாகிவிட்டது. இருந்தாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று கழுத்துக்கு ஞாபகம் இருந்தது. மூன்று வரிகள் அச்சில். நான்காவது வரி என் கையெழுத்தில், கோணலாக, பேனா கீறிய இரண்டு கோடுகளின் மேல்: முப்பத்தெட்டு. அதற்கும் அடியில், வேன் அண்ணனின் பெரிய எழுத்துகளில் பென்சிலால் எழுதியிருந்தது. அன்று நான் படிக்காமல் வந்தது.

‘சட்டம். ரெண்டாவது லிஸ்டுல.’

“சார்” என்று வெளியிலிருந்து வியாபாரி கூப்பிட்டார். “வர்றவங்க எல்லாரும் கூரையத்தான் பார்க்கிறாங்க. காய் ஏதாவது வாங்குங்க சார்.”

பயற்றங்காயும் தேவைக்கு மேல் வெங்காயமும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அந்த ஆண்டின் நாட்குறிப்பை எடுத்து அந்தத் திங்கட்கிழமையைத் திறந்தேன். என் கையெழுத்தில், ஒரு கோணல்கூட இல்லாமல், இப்படி இருந்தது: ‘திவ்யாவுக்குச் சட்டத்துறையில் இடம் கிடைத்தது. மாலையில் நல்ல காற்று.’

பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு பென்சிலைத் தேடி எடுத்தேன். முதல் வாக்கியத்துக்கு மேலே, இருந்த சின்ன இடைவெளியில், ‘இரண்டாவது பட்டியலில்’ என்று எழுதினேன். சமையலறையில் திவ்யா பயற்றங்காயை ஒடித்துக்கொண்டிருந்தாள்.